ஆங்கில ஐயங்களும் தமிழ் விடைகளும்

வினாவையும் விடையையும் இலக்கணப் பொருளாகவே கொண்டு ஆராய்ந்தவர்கள் தமிழர். வினாவுவோரும் விடை கூறுவோரும் வழுவாமல் பேசுதல் வேண்டும் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் விதிக்கின்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். அறிந்தே வினாவுதல் உண்டு. அறியாது வினாவுதல் உண்டு. இதுவோ அதுவோ என ஐயுற்று வினாவுதலும் உண்டு. விடையிலும் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரே வருவன. ஏவல், எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் சுற்றி வந்து, பொருளால் விடையாவன.

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் நாள்தோறும் எழும் ஆங்கில ஐயங்களையும், அவற்றுக்குத் தரப்படும் விடைகளையும் இந்த அளவுகோல் கொண்டு அளந்து பார்ப்பது பயனுடையது. 'சின்ஸ்' எழுதுவதா, 'ஃபார்' எழுதுவதா? 'டிஸ்கஸ்' என்பதன் பின் 'அபவுட்' வரலாமா? 'யுனிவர்சிட்டி'க்கு முன் 'எ' வருமா, 'அன்' வருமா? இவை பெரும்பாலும் ஐய வினாக்கள். வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞனும், மகளின் பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதும் தாயும், மாதாந்தர அறிக்கை எழுதும் மேற்பார்வையாளரும் கேட்பவை. அறி வினாக்களும் இடையிடையே வருவதுண்டு. பக்கத்து மேசைக்காரருடன் பந்தயம் கட்டிவிட்டு, தாம் வெல்வதற்குச் சான்று தேடிக் கேட்பவை அவை. அத்தகைய வினாவுக்கு விடை சொல்பவர் நடுவராக்கப்படுகிறாரேயன்றி ஆசிரியராக்கப்படுவதில்லை.

முற்காலத்தில் இவ்விடைகளைச் சொல்லி வந்தவர் யாவர்? தோட்டத்தில் கிராணியார், பட்டணத்தில் மனு எழுதிக் கொடுப்பவர். கிராணியார்களுள்ளும் இரயில்வே எழுத்தர்களுள்ளும் யாழ்ப்பாணத் தமிழர் பலர். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் குடியேறி வாழ்ந்த அவர்கள் ஆங்கிலத்தை ஒழுங்காகக் கற்றவர்கள். ரென்னும் மார்ட்டினும் எழுதிய இலக்கண நூல் பல வீடுகளில் அகராதிக்கு அடுத்த இடத்தில் இருந்தது. எனினும் அவர்கள் தோட்டத் தொழிலாளிக்குச் செய்தது மொழி கற்பித்தல் அன்று. அவனுக்காக எழுதிக் கொடுத்தல். நன்னூலார் வகுத்த எட்டு விடைகளுள் இதற்கு இடமில்லை. வினாவியவன் அறியாதவனாகவே வீடு திரும்பினான்.

பின்னர் நாடு மாறிற்று. 1970ஆம் ஆண்டு தொடங்கி ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிப் பள்ளிகளாயின. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. தமிழ்ப் பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. 2009இல் அக்கொள்கையைக் கைவிட முடிவாயிற்று. இம்மாற்றங்களுக்கு இடையே வளர்ந்த தலைமுறைகளுக்கு ஆங்கிலம் கடையிலும் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் தேவையாகவே இருந்து வருகிறது. ஐயந்தீர்க்கும் ஆள்தான் பக்கத்தில் இல்லை. அவ்விடத்தைச் செய்தித்தாள்கள் ஓரளவு நிரப்பின.

இரண்டு பகுதிகளை இங்கே கருதலாம். சென்னையிலிருந்து வரும் 'தி இந்து' நாளிதழில் 1980களில் கே. சுப்பிரமணியன் தொடங்கி, அவர் மகன் எஸ். உபேந்திரன் தொடர்ந்து எழுதிய 'நோ யுவர் இங்கிலீஷ்' ஒன்று. மலேசியாவில் 'தி ஸ்டார்' நாளிதழில் வந்த 'மைண்ட் அவர் இங்கிலீஷ்' மற்றொன்று. இதில் ஃபட்சிலா அமின் அம்மையார் வாசகரின் ஐயங்களுக்கு விடை தந்து வந்தார். இவ்விரு தலைப்புகளையும் அருகருகே வைத்து நோக்குக. முன்னது 'உங்கள் ஆங்கிலம்' என்கிறது. பின்னது 'நம் ஆங்கிலம்' என்கிறது. முன்னதில் விடை கூறுவோர் மேடைமேல் நிற்கிறார். பின்னதில் வாசகரோடு ஒரே பாயில் அமர்ந்திருக்கிறார். ஆங்கிலம் மலேசியருக்கும் உரியது, ஆதலின் அதைப் பேணும் கடமையும் அவர்களுக்கு உரியது என்னும் எண்ணம் அவ்வொரு சொல்லில் அடங்கியிருக்கிறது. ஆயினும் உபேந்திரன் கைக்கொண்ட உரையாடல் முறைக்கு ஒரு சிறப்பு உண்டு. இரு நண்பர்கள் பேசிக்கொள்வதாக அவர் எழுதியபோது, கேட்பவனின் தடுமாற்றமும் பக்கத்தில் பதிவாயிற்று. தடுமாற்றம் தெரிந்தால்தான் விடை எங்கே பொருந்த வேண்டும் என்பது தெரியும்.

இத்தகைய பகுதிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு குறை, மரபுத் தொடர்களின் பிறப்புக் கதைகளில் கொள்ளும் அளவற்ற ஆசை. மழை நாயும் பூனையுமாகப் பெய்கிறது என்று ஆங்கிலேயர் சொல்வதற்குக் காரணம், பண்டைக்காலத்தில் ஓலைக் கூரையில் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்ததே என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. 'போஷ்' என்னும் சொல், இந்தியாவுக்குப் போகும்போது கப்பலின் இடப்புறத்திலும் திரும்பும்போது வலப்புறத்திலும் நிழலான அறை பெற்ற செல்வர்களின் பயணச்சீட்டிலிருந்து வந்தது என்பது மற்றொரு கதை. அதையும் அகராதியாசிரியர்கள் ஏற்பதில்லை. 'ரஜூலா' கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்து நாகப்பட்டினத்திலிருந்து போர்ட் சுவெட்டன்ஹாம் வந்திறங்கிய தமிழருக்கு இடப்புறம், வலப்புறம் என்ற கவலையே இருந்திருக்காது. இனிய கதைகள்தாம், ஆனால் விடுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்த தாய்க்கு இவற்றால் ஆவது என்ன? ஆடத் தெரியுமா என்று கேட்டவனிடம் பாடுவேன் என்று சொல்லும் இனமொழி விடையிலாவது, ஆட மாட்டேன் என்ற பொருள் கேட்டவனுக்கு எட்டிவிடும். கூரையிலிருந்து விழுந்த பூனை எவருடைய ஐயத்தையும் எட்டுவதில்லை.

ஆங்கிலேயருக்கு ஆங்கிலேயர் எழுதிய நூல்களையும் இங்கே எண்ண வேண்டும். பதினேழு ஆண்டுகள் பள்ளி ஆசிரியராயிருந்த பௌலர் 1926இல் வெளியிட்ட சொல்வழக்கு அகராதி இன்றும் சுவை குன்றாதது. கண்மூடித்தனமான விதிகளைக் கேலி செய்து, காரணம் கேட்கும் பழக்கத்தை அவர் வளர்த்தார். ஆனால் அவருடைய வாசகன் ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு பருகியவன். தனக்குத் தெரிந்த இரு வழிகளுள் எது சிறந்தது என்று கேட்பவன். தோட்டப் பள்ளிச் சிறுவனோ ஒரு வழியையும் அறியாதவன். அவனுக்குத் துணையாகக் கூடியதைச் செய்தவர் ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அவர், தம் மாணவர் எங்கெங்கே இடறினர் என்பதைக் கண்டு, இரு துணைவருடன் தொகுத்த அகராதி 1942இல் தோக்கியோவில் வெளிவந்தது. அதே ஆண்டில் மலாயாவின் பள்ளிகளில் ஆங்கிலத்தை அகற்றி ஜப்பானிய மொழியைப் புகுத்திக்கொண்டிருந்தார்கள் என்பது வரலாற்றின் விளையாட்டு. ஆங்கிலேயன் ஒருபோதும் கேட்காத வினாவுக்கு, அதாவது இந்த வினைச்சொல்லின் பின் எது வரும், இந்தப் பெயரை எண்ணலாமா, எண்ணக்கூடாதா என்பவற்றுக்கு, விடை தந்ததே ஹார்ன்பியின் பெருமை.

ஆனால் ஹார்ன்பியும் செய்தித்தாள்களும் செய்ய இயலாத ஒன்று உண்டு. அவர்களுடைய வாசகர் பல மொழியினர். ஆதலின் ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே விளக்குவது தவிர வேறு வழியில்லை. தமிழனுக்கு எங்கே இடறும், ஏன் இடறும் என்பதைத் தமிழறிந்தவரே சொல்ல முடியும். இங்குதான் நம்மவர் பலர் பெரும் பிழை இழைக்கின்றனர். பிள்ளை ஆங்கிலத்தில் தவறினால், 'தமிழில் நினைக்காதே' என்று அதட்டுகின்றனர். தமிழ்ப் பள்ளியில் படித்ததே குற்றம் என்று பெற்றோரும் நம்பத் தொடங்குகின்றனர். இக்குற்றச்சாட்டு எவ்வளவு உண்மை என்று பார்த்தல் வேண்டும்.

'ஹீ கோஸ்' என்பதற்குப் பதில் 'ஹீ கோ' என்கிறான் ஒரு மாணவன். இது தமிழால் வந்ததா? தமிழில் வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறது என்று வினை ஒவ்வோர் இடத்துக்கும் பாலுக்கும் உருமாறுகிறது. உருமாறாத வினைகள் மலாயிலும் சீனத்திலுமே உள்ளன. கிள்ளான் சந்தையிலும் பேருந்திலும் கேட்ட ஆங்கிலத்திலிருந்து அவன் எடுத்துக்கொண்டது அது. தமிழை நினைவூட்டினால் அவன் திருந்துவான். மறக்கச் சொன்னால் திருந்தமாட்டான். 'ஐ ஆம் நோயிங்' என்பதையும் தமிழின் தலையில் கட்டுகிறார்கள். 'தெரிந்துகொண்டிருக்கிறேன்' என்று எந்தத் தமிழனாவது சொல்வானா? 'எனக்குத் தெரியும்' என்பதே தமிழ். வகுப்பில் தொடர் நிகழ்கால வாய்பாட்டை அளவுக்கு மீறி ஓதியதன் விளைவு அது. 'பாரோ மீ யுவர் பென்' என்பதும் அவ்வாறே. மலாயில் 'பிஞ்ஜாம்' என்னும் ஒரே அடிச்சொல் இருபுறமும் உதவும். தமிழிலோ இரவல் கொடுத்தல் வேறு, இரவல் வாங்குதல் வேறு. முன்னது 'லெண்ட்', பின்னது 'பாரோ' என்று ஒருமுறை சொன்னால் போதும்.

தமிழே காரணமான பிழைகளும் உண்டு. அவற்றை மறைத்தல் தகாது. 'வை' என்னும் ஒரு சொல்லால் நாம் இரண்டு செயல்களைச் சொல்கிறோம். தட்டை மேசைமேல் வைத்தால் 'புட்'. பணத்தைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தால் 'கீப்'. தமிழர் பலர் தட்டையும் 'கீப்' செய்துவிடுகின்றனர். எண்ணுப் பெயருக்குப் பின் அஃறிணைப் பன்மை விகுதியை நாம் விட்டுவிடுவதால் 'டென் புக்' என்பது நாவில் எளிதில் வந்துவிடுகிறது. பெண் ஆசிரியரையும் மதிப்போடு 'அவர்' என்று சொல்லிப் பழகியதால், அவரை 'ஹீ' என்று சொல்லிவிடும் குழந்தையும் உண்டு. அந்த இடத்தில் அதட்டுவது அடாது. மரியாதையினால் நேர்ந்த பிழையல்லவா அது?

இனி, தமிழே விடையாக நிற்கும் இடங்கள். 'எ', 'அன்' என்பவற்றின் விதி நம் 'ஒரு', 'ஓர்' விதியே. உயிர் முதலில் வந்தால் ஓர்; மெய்யொலி வந்தால் ஒரு. ஆனால் 'யுனிவர்சிட்டி' என்னும் சொல் ஆங்கில எழுத்தில் உயிரெழுத்தோடு தொடங்குவதால் மாணவன் மயங்குகிறான். மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' என்னும் சொல் 'எச்' எழுத்தோடு தொடங்குவதால் மீண்டும் மயங்குகிறான். மயக்கம் தீர வழி, அச்சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதச் செய்வதே. யுனிவர்சிட்டி என எழுதியவுடன் முதலில் நிற்பது யகரம் என்று தெரிகிறது, ஆகவே 'எ'. அவர் என எழுதியவுடன் முதலில் நிற்பது அகரம், ஆகவே 'அன்'. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவைத் தமிழ் எழுத்து காட்டிக்கொடுக்கிறது. ஆங்கில எழுத்து மறைத்துவிடுகிறது.

'சின்ஸ்', 'ஃபார்' ஐயமும் இத்தகையதே. 'ஐந்து ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன்' என்பதில் உள்ள 'ஆக' 'ஃபார்' ஆகும். '2019இலிருந்து வேலை செய்கிறேன்' என்பதில் உள்ள 'இலிருந்து' 'சின்ஸ்' ஆகும். காலத்தின் நீளத்துக்கு ஒன்று, தொடக்கத்துக்கு ஒன்று. ஆனால் இங்கே ஒரு பள்ளமும் உண்டு. நாம் நிகழ்காலத்தில் 'செய்கிறேன்' என்கிறோம். ஆங்கிலம் 'ஹேவ்' சேர்ந்த வடிவத்தை வேண்டுகிறது. 'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று விண்ணப்பங்களில் காணப்படுவது இதனால்தான். பாதி வழி தமிழ் கொண்டுவிடும். மீதி வழியைப் பயிற்சியால்தான் நடக்க வேண்டும்.

'தி' என்னும் சொல்லைப் பற்றிய ஐயமே எல்லாவற்றிலும் பெரிது. தமிழில் அதற்கு நிகர் இல்லை என்று பாடநூல்கள் கைவிரித்துவிடுகின்றன. 'புத்தகம் வாங்கினான்', 'புத்தகத்தை வாங்கினான்' என்னும் இரண்டையும் ஒப்பிட்டு நோக்குக. முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில் கேட்பவருக்கும் தெரிந்த குறிப்பிட்ட புத்தகம். அஃறிணைப் பெயரில் இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' வெளிப்பட்டு நிற்பதும் தொக்கு நிற்பதும், ஆங்கிலத்தில் 'தி' வருவதையும் 'எ' வருவதையும் பெரிதும் ஒத்திருக்கின்றன. எழுவாயில் இது உதவாது, உயர்திணையிலும் உதவாது. எனினும் வேற்றுமைத் தொகையைப் படித்த ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு, 'தி' என்பது விளங்காத மந்திரமாக இருக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் இடர் மிகுந்தது எதிர்மறை வினா. கிள்ளானில் ஒரு மருத்துவச் சாலையில், இரத்தப் பரிசோதனைக்கு வந்த முதியவரைச் செவிலி, 'யூ ஹேவ்ண்ட் ஈட்டன்?' என்று கேட்பதாகக் கொள்வோம். முதியவர் ஒன்றும் உண்ணாமல்தான் வந்திருக்கிறார். 'சாப்பிடவில்லையா?' என்று தமிழில் கேட்டிருந்தால் 'ஆமாம், சாப்பிடவில்லை' என்றிருப்பார். ஆகவே 'யெஸ்' என்கிறார். ஆங்கில மரபில் அதை உண்டுவிட்டார் என்று கொள்ளவும் இடமுண்டு. உணவு உண்டவரை உண்ணாதவர் என்று குறித்தாலும், உண்ணாதவரைத் திருப்பி அனுப்பினாலும் துன்பம் அவருக்கே. நீதிமன்றத்தில் சாட்சி கூறும்போது நேர்ந்தால் விளைவு இன்னும் கொடியது. 'நீ அங்கே போகவில்லை, அப்படித்தானே?' என்னும் வினாவுக்கு ஒற்றைச் சொல் விடை எப்பக்கம் சாயும் என்பது கேட்போர் காதைப் பொறுத்ததாகிவிடுகிறது.

இவ்வையத்துக்கு 'நேராகச் சொன்னால் யெஸ், மறுத்தால் நோ' என்ற அளவில் விடை சொல்வது வழக்கம். எதை நேர்தல், எதை மறுத்தல் என்பதல்லவா சிக்கல்? நன்னூல் பயின்றவர் இதைத் தெளிவாகச் சொல்லலாம். தமிழின் 'ஆம்' வினாவியவரோடு உடன்படுகிறது. ஆங்கிலத்தின் 'யெஸ்' தனக்குப் பின் வரவிருக்கும் வாக்கியத்தோடு உடன்படுகிறது. சொல்லப்போகும் வாக்கியம் 'உண்ணவில்லை' என்று எதிர்மறையாக இருந்தால், வினா எவ்வடிவில் வந்தாலும் 'நோ'தான். மேலும், ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் 'நோ, ஐ ஹேவ்ண்ட் ஈட்டன்' என்று முழுமையாகச் சொல்லப் பழக்கினால் ஐயத்துக்கே இடமில்லை. செவிலிகளும் எதிர்மறையாகக் கேட்பதை விட்டு, 'கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?' என்று கேட்பது நலம். விடை வழுவுக்கு வினா வழுவும் காரணமாகலாம் என்பதாலேயே தொல்காப்பியர் இரண்டையும் சேர்த்துக் காக்கச் சொன்னார் போலும்.

சரி, தவறு என்று தீர்ப்பளிப்பவர் எவர் அதிகாரத்தால் அளிக்கிறார் என்னும் வினா ஒன்று எஞ்சியிருக்கிறது. மலேசியர், வெளியூர் போயிருப்பதை 'அவுட்ஸ்டேஷன்' என்பர். வண்டியைப் பின்னால் எடுப்பதை 'கோஸ்தான்' என்பர். பின்னது கப்பலோட்டிகளின் 'கோ அஸ்டர்ன்' என்னும் கட்டளையின் மரூஉ. 'ஐ வில் ஃபாலோ யூ' என்றால் இங்கே 'உன் வண்டியிலேயே நானும் வருகிறேன்' என்று பொருள். இங்கிலாந்தில் அவர் தம் வண்டியில் பின்தொடர்வார் என்று எதிர்பார்ப்பார்கள். இவையெல்லாம் பிழைகளா? ஒரு சாரார் பிழை என்று அடித்து எழுதுகின்றனர். மற்றொரு சாரார் எதுவும் பிழையன்று, மொழி வளர்கிறது என்கின்றனர். தமிழிலக்கணம் இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் இடம் வகுத்திருக்கிறது. வழு, வழாநிலை என்பவற்றோடு வழுவமைதி என்று மூன்றாவது ஒன்று உண்டு. விதிக்கு மாறாயினும் காரணம் பற்றியும் வழக்குப் பற்றியும் அமைத்துக்கொள்ளப்படுவது அது. 'அவுட்ஸ்டேஷன்' இந்நாட்டில் வழுவமைதி. 'ஃபாலோ' நண்பர்களிடையே அமைதி; வெளிநாட்டாருக்கு எழுதும் கடிதத்தில் வழு. 'ஹீ கோ' தேர்வுத்தாளில் எங்கும் வழுவே. விடை கூறுவோர் இம்மூன்றையும் பிரித்துக் காட்டினால், கேட்டவர் தாமே தேர்ந்துகொள்ளும் ஆற்றல் பெறுவார்.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே இவ்வழியில் இறங்கி வந்திருக்கிறது. 2016இல் நம் 'ஐயோ' அதில் இடம் பெற்றது. 2025இல் 'அலமாக்', 'நாசி லெமாக்', 'தாப்பாவ்' முதலிய சொற்களும் ஏறின. 'கட்டமரான்' (நம் கட்டுமரம்), 'செரூட்' (நம் சுருட்டு) ஆகியவை மிக முன்னரே சென்றவை. இதனால் மகிழ்வோர் மகிழலாம். ஆனால் அகராதியில் ஏறிய காரணத்தால் 'ஐயோ'வை அலுவலகக் கடிதத்தில் எழுதலாம் என்று ஒருவர் முடிவு கட்டினால், அவருக்கு எவரும் வேலை தரமாட்டார்.

தமிழும் வழுவமைதியும் துணைக்கு வராத இடம் ஒன்று சொல்லி முடிக்கலாம். மேசையில் புத்தகம், பையில் புத்தகம், பேருந்து நிலையத்தில் புத்தகம் என மூன்றிடத்தும் நமக்கு 'இல்' என்னும் ஏழாம் வேற்றுமை உருபு ஒன்றே போதும். ஆங்கிலத்துக்கு 'ஆன்', 'இன்', 'அட்' என்று மூன்று வேண்டும். மேல், உள் என்று இடப்பொருள் காட்டும் சொற்களைக் கொண்டு முதலிரண்டையும் ஒருவாறு பிரிக்கலாம். 'அட்' எதற்கும் அடங்குவதில்லை. பேருந்தில் இருந்தால் 'ஆன்', காரில் இருந்தால் 'இன்' என்பதற்கு, நின்று நடக்கக்கூடிய ஊர்தி, நடக்கமுடியாத ஊர்தி என்று சிலர் காரணம் கூறுவர். மோட்டார் சைக்கிளைக் கேட்டதும் அக்காரணம் நொண்டத் தொடங்கிவிடும். இங்கே சுட்டு விடை ஒன்றே தரத்தக்கது: இவ்விடத்தில் இது, அவ்விடத்தில் அது. பிள்ளைகள் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிப் பழக வேண்டியதுதான்.